அன்னதானக் கூடத்தில் ஆள் நிலைக்க

"நேரம் கிடைத்தால் வந்து உதவுங்கள்" என்று தொண்டு செய்ய வருபவர்களைப் பொதுவாக அழைத்தால் யாருக்கும் நேரம் கிடைக்காது. "ஞாயிறு காலை 6 முதல் 8 வரை காய் நறுக்க இரண்டு பேர் வேண்டும்" என்று கேளுங்கள், வருவார்கள். எட்டு மணிக்கு விடுகிறோம் என்றால் எட்டுக்கே விட்டுவிட வேண்டும், வேலை மிச்சமிருந்தாலும்.

காவிரி டெல்டாவில் இன்னொரு கணக்கும் உண்டு. மேட்டூர் அணை வழக்கப்படி ஜூன் 12-இல் திறந்தால் குறுவை நெல் வேலை தொடங்கிவிடும். புரட்டாசி, ஐப்பசியில் குறுவை அறுவடையும் சம்பா நடவும் சேர்ந்து நெருக்கும். தை பிறந்தால் சம்பா அறுவடை. அந்த வாரங்களில் வயல்காரர்களை நம்பிப் பட்டியல் போடுவது வீண். ஓய்வுபெற்றவர்களையும் கல்லூரி மாணவர்களையும் முன்கூட்டியே கேட்டு வையுங்கள்.

புதியவரை முதல் நாளே சாம்பார் வாளியோடு பந்தியில் இறக்கிவிடாதீர்கள். கையில் கொதிக்கும் வாளி, "இங்கே கொஞ்சம்" என்று நாலு பக்கமும் குரல், மிரண்டுவிடுவார். முதலில் இலை போடட்டும், தண்ணீர் வைக்கட்டும். பிறகு பழகியவர் பின்னால் அப்பளத் தட்டோடு நடக்கட்டும். தலைமைச் சமையல்காரர் எல்லோர் முன்னிலையிலும் அதட்டுபவராக இருந்தால் அவரிடம் தனியாகப் பேசுங்கள். வந்தவர்கள் மறுமுறை வராததற்குப் பாதிக் காரணம் அதுதான் என்பேன்.

அன்னதானத்துக்கும் உணவுப் பாதுகாப்புத் துறையின் பதிவு தேவை. கை கழுவுவது, தலைமுடியை மூடுவது, வயிற்றுப்போக்கு உள்ளவர் சமையல் பக்கம் வராமலிருப்பது ஆகியவற்றை எழுதிச் சரக்கறைக் கதவில் ஒட்டுங்கள். வர முடியாதவர் யாருக்குத் தொலைபேசியில் சொல்ல வேண்டும் என்பதும் அதே தாளில் இருக்கட்டும்.