சட்டம் என் பொறுப்பு, பூ உங்கள் இஷ்டம்

ஆத்தங்குடியில் என் சித்தப்பா தரையில் பதிக்கும் பூக்கல் செய்கிறவர். முதலில் ஒரு கண்ணாடித் துண்டு, அதன் மேல் சதுரமான இரும்புச் சட்டம். சட்டத்துக்குள் பூ அச்சை வைத்து, அறை அறையாகச் சாயக் கலவையை ஊற்றுவார். அச்சை அலுங்காமல் தூக்கிவிட்டு, உலர்ந்த சிமெண்ட் மணலைத் தூவி, ஈரக் கலவையைக் கொட்டி, கரணையால் மட்டம் தட்டுவார். சூளை கிடையாது. காய்ந்ததும் சில நாள் தண்ணீர்த் தொட்டியில் ஊறும். கண்ணாடியைக் கழற்றினால் அந்த வழவழப்பு கல்லின் முகத்தில் இருக்கும்.

எந்தச் சாயம், எந்தப் பூ என்பதெல்லாம் அவர் கை போன போக்கு. சட்டத்தில் மட்டும் யாரையும் கை வைக்க விடமாட்டார். "ஒரு கல்லு ஒரு நூல், அதான் அங்குலத்துல எட்டுல ஒரு பங்கு, பெருத்தா ஒங் கண்ணுக்குத் தெரியாது தம்பி. இருபதாவது வரிசையில ரெண்டரை அங்குலம் தள்ளியிருக்கும். கொத்தனாரு என்னையத்தான் வைவாரு."

நான் காரைக்குடியில் வீட்டிலிருந்தபடியே ஒரு சரக்குப் போக்குவரத்து மென்பொருள் நிறுவனத்துக்கு எண்டர்பிரைஸ் ஆர்க்கிடெக்டாக, அதாவது எல்லாக் குழுக்களின் மென்பொருளும் ஒன்றோடொன்று பொருந்தப் பார்த்துக்கொள்பவனாக, வேலை பார்க்கிறேன். (ஆர்க்கிடெக்ட் என்று சொன்னதும் தெருவில் மூன்று பேர் வீட்டுப் பிளான் கேட்டுவிட்டார்கள்.) பதினான்கு குழுக்கள். எதைப் பொதுவாக வைப்பது, எதை அவர்கள் போக்கில் விடுவது என்பதுதான் என் தினப்படித் தலைவலி. அந்தச் சட்டத்தைப் பார்த்த பிறகு நான் பழகிக்கொண்ட முறையைச் சொல்கிறேன்.

முதலில், இப்போது உங்களிடம் இருக்கும் விதிகளை எல்லாம் ஒரே தாளில் இறக்குங்கள். மேலிடத்து மின்னஞ்சல், பழைய பிபிடி, "எப்பவும் இப்படித்தான்" என்று வாய்மொழியாக வந்தவை, எதையும் விடவேண்டாம். எனக்கு நூற்றுக்கு மேல் தேறியது. பிறகு ஒவ்வொன்றிடமும் ஒரே கேள்வி: இது இரண்டு கல் சேருகிற ஓரமா, ஒரு கல்லின் முகமா? ஒரு குழு இதை மீறினால் பக்கத்துக் குழுவுக்கு வலிக்குமா?

தேதி ஓரம். எங்கள் பில்லிங் குழு ஏப்ரல் மூன்று என்று நினைத்து 03/04 என்று அனுப்பியது. வாங்கிய குழு மார்ச் நான்கு என்று படித்தது. தேதி பன்னிரண்டைத் தாண்டும்போது மட்டும் பிழை கத்தும், மற்ற நாட்களில் சத்தமே இருக்காது. ஒரு மாத பில் தப்பாகப் போன பிறகுதான் ஐஎஸ்ஓ 8601 என்ற சர்வதேசத் தேதி முறையில் 2019-04-03 என்று எழுத எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள். பணத்தைப் பைசாவில் முழு எண்ணாக வைப்பது, வாடிக்கையாளர் எண், லாகின், ஒரு நிரல் இன்னொன்றோடு பேசும் ஏபிஐ ஒப்பந்தம், லாகில் (நிரல் எழுதிவைக்கும் நாட்குறிப்பில்) ஒரு கோரிக்கையைப் பின்தொடர உதவும் டிரேஸ் எண் எல்லாம் ஓரம். எடிட்டர், டெஸ்ட் லைப்ரரி, ஸ்பிரிண்ட் எனும் வேலைச் சுற்று ஒரு வாரமா இரண்டு வாரமா என்பதெல்லாம் முகம். அதில் நான் வாயே திறப்பதில்லை.

தமிழில் டைப் அடித்தவர்களுக்கு இது புதிதில்லை. ஒருகாலத்தில் ஒவ்வொரு எழுத்துருவுக்கும் தனித்தனிக் குறியாக்கம்; நீங்கள் அனுப்பிய கடிதம் அடுத்தவர் கணினியில் கிறுக்கலாகத் திறக்கும். 1999 சென்னை மாநாட்டில் டாம், டாப் என்று இரண்டு பொதுக் குறியாக்கங்களை வகுத்தார்கள், 2010-ல் தமிழக அரசு யூனிகோடை ஏற்றது. ஆனால் விசைப்பலகை? தமிழ்99 பழகியவர் அதில் அடிக்கிறார், பழைய தட்டச்சுக்காரர் தட்டச்சு முறையில், என் மகள் ஆங்கில எழுத்தில் ஒலிபெயர்த்து. கோப்புக்குள் விழுவது ஒன்றுதான், அதனால் யாருக்கும் சண்டை இல்லை.

என் நூற்றுச் சொச்சத்தில் ஓரம் என்று தேறியவை பதினேழு. மிச்சத்தை அழிக்கும்போது கை கொஞ்சம் நடுங்கியது, பாதி நானே எழுதியவை.

சிக்கல் நடுவில் இருப்பவற்றில்தான்: புரோகிராமிங் மொழி, டேட்டாபேஸ், கிளவுட் சேவை. பார்க்க முகம் மாதிரி இருக்கும். ஆனால் அந்தக் குழுவில் இரண்டு பேர் வேலையை விட்டுப் போனால் அடுத்தவன் தலையில் வந்து விழும். இங்கே நகரத்தார் வீட்டு வழக்கம் எனக்குக் கைகொடுத்தது. மகனுக்குக் கல்யாணமானால் அதே பெரிய வீட்டுக்குள் தனி அறை, தனி அடுப்பு கொடுத்து வேறு வைத்துவிடுவார்கள். முற்றத்தைச் சுற்றிய வளவு பொது, முகப்பு பொது, சமையல் அவரவர் பாடு. தனி அடுப்பு கேட்கிற குழுவிடம் நானும் அப்படித்தான் பேசுகிறேன்: வைத்துக்கொள்ளுங்கள், விறகு உங்களுடையது. ராத்திரி இரண்டு மணிக்கு அலாரம் அடித்தால் எழுவது நீங்கள். பாதுகாப்பு ஓட்டையை அடைக்கும் பேட்ச் வந்தால் 48 மணி நேரத்தில் போடுவது நீங்கள். உங்கள் குழுவுக்கு வெளியே இரண்டு பேருக்காவது அதைச் சொல்லித் தந்திருக்க வேண்டும். இதைக் கேட்டதும் பாதிப் பேர் பொது டேட்டாபேஸே போதும் என்கிறார்கள். மீதிப் பேருக்கு அது நிஜமாகவே தேவை.

அவர்களிடம் ஒரு பக்கம் எழுதி வாங்குங்கள். மென்பொருள் வல்லுநர் மைக்கேல் நைகார்ட் 2011-ல் சொன்ன முடிவுப் பதிவு முறை போதும்: சூழல் என்ன, முடிவு என்ன, அதனால் வரும் பின்விளைவு என்ன. நான் சேர்த்துக்கொண்டது ஒரு வரி, காலாவதித் தேதி. ஆறு மாதமோ ஒரு வருடமோ. தேதி போடாத விதிவிலக்கு நிரந்தரமாகிவிடும்.

அனுமதி தராமல் மூக்கை உயர்த்திக்கொண்டிருந்தால் என்ன ஆகும் என்பதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். தேடல் குழு தனி சர்வர் கேட்டது. எல்லோருக்கும் ஒரே பொது டேட்டாபேஸ்தான், தேடலும் அதிலேயே என்று இரண்டு தடவை திருப்பி அனுப்பினேன். 2021 டிசம்பர் 10, வெள்ளிக்கிழமை. ஆத்தங்குடியில் சித்தப்பா மகள் கல்யாணத்துக்கு வந்திருந்தேன், பந்தியில் உட்காரும்போது போன். லாக்ஃபோர்ஜே ஓட்டை வெளியாகியிருந்தது. ஜாவா நிரல்கள் லாக் எழுதப் பயன்படுத்தும் நிரல் நூலகம் அது. லாகில் விழுகிற ஒரு வரி எழுத்தை வைத்தே வெளியாள் நம் சர்வரில் தன் நிரலை ஓட்டிவிடலாம். ஆபத்து மதிப்பெண் பத்துக்குப் பத்து. எங்கள் பட்டியலில் இருந்த சர்வர்களை எல்லாம் சனிக்கிழமை மதியத்துக்குள் சரிசெய்துவிட்டோம். பட்டியலில் இல்லாத ஒன்று செவ்வாய்க்கிழமைதான் தெரியவந்தது. நான் மறுத்ததால் தேடல் குழு மேஜைக்கு அடியில் வைத்த மாதிரி ஓட்டிக்கொண்டிருந்த சர்வர். உள்ளே அதே லாக்ஃபோர்ஜே. நல்ல வேளை, யாரும் புகுந்திருக்கவில்லை. திட்ட வேண்டும் போல வந்தது. யாரைத் திட்டுவது? அதை ஒளிக்க வைத்தவன் நான்தானே.

அதனால் எந்தத் தளர்வு கொடுத்தாலும் ஒன்றை மட்டும் விடாதீர்கள்: கணக்கு. வேறு வைத்த மகனும் ஒரு புள்ளிதான், அதாவது கணக்கில் ஒரு தனிக் குடும்பம். நகரத்தார் கோவில் கணக்கில் அவன் பெயர் ஏறிவிடும். அவன் அடுப்பில் என்ன வேகிறது என்று கோவில் கேட்பதில்லை. ஓடுகிற ஒவ்வொரு சர்வீஸும், அதன் சொந்தக்காரக் குழுவும், உள்ளே இருக்கும் நூலகங்களும் ஒரே பதிவேட்டில் இருக்கவேண்டும். கையால் நிரப்பச் சொன்னால் யாரும் நிரப்பமாட்டார்கள். நிரலைக் கட்டும் பில்டு ஓடும்போது தானாக எழுதிக்கொள்ளும்படி செய்யுங்கள்.

பொது வழியில் போவது சுலபமாகவும் இருக்கவேண்டும். நெட்ஃபிளிக்ஸில் இதைப் போட்ட சாலை என்கிறார்கள், ஸ்பாடிஃபையில் பொன் பாதை. எங்களிடம் பெயர் ஒன்றும் இல்லை, ஒரு டெம்ப்ளேட் இருக்கிறது. புதுச் சர்வீஸ் தொடங்குபவருக்கு லாகின், லாக், டிப்ளாய் (சர்வரில் ஏற்றுவது) எல்லாம் அரை மணி நேரத்தில் தயார். இதைச் செய்யாமல் விதியை மட்டும் நீட்டுகிறவரைப் பார்த்தால் எனக்கு எரிச்சல்தான் வரும். விதிப்படி செய்ய மூன்று நாள், மீறிச் செய்ய மூன்று மணி நேரம் என்றால் நானும் மீறுவேன்.

விதியை யார் எழுதுவது? கல் பதிக்கிறவர்கள். பதினான்கு குழுவிலிருந்து முறை வைத்து நான்கு பேர், மாதம் ஒரு கூட்டம். நான் கூட்டத்தைக் கூட்டுவதோடு சரி, ஓட்டுப் போடுவதில்லை.

தேடல் குழுவின் சர்வருக்கு அப்புறம் முறையாக ஒரு பக்கம் எழுதி, ஒரு வருடத் தேதி போட்டோம். முதல் தடவை புதுப்பித்தார்கள். இரண்டாம் தடவை வந்தபோது இன்னும் இரண்டு குழுக்கள் எங்களுக்கும் அதே வேண்டும் என்று கூடவே வந்து நின்றன. நால்வர் கூட்டம் அதைப் பொதுப் பட்டியலில் சேர்த்துவிட்டது. இப்போது அதன் பராமரிப்பு என் குழுவின் தலையில். போன வாரம் ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்தது நான்.