12 போர் துப்பாக்கியின் பின்னுதைப்பைத் தாங்குவது எப்படி?

துக்ளகாபாத் கர்ணி சிங் துப்பாக்கி சுடும் திடலில், பறக்கும் களிமண் தட்டுகளைச் சுடும் டிராப் பயிற்சியைத் தொடங்கும் டெல்லித் தமிழர்கள், குறி பார்ப்பதற்கும் முன்பாக, 12 போர் (bore, குழலின் அளவு) துப்பாக்கியின் உதையை உடலால் ஏற்கப் பழக வேண்டும். துப்பாக்கியின் பின்பகுதியான கட்டையின் அடியைத் தோள்மூட்டு எலும்பிலோ புயத்திலோ வைக்காமல், காறை எலும்புக்குக் கீழுள்ள சதைக் குழிவில் இடைவெளியின்றி அழுத்தி, கன்னத்தைக் கட்டையோடு ஒட்டி, முன்கால் முழங்காலைச் சற்றே மடக்கி, உடல் எடையை அந்தக் காலுக்குக் கொடுத்து நின்றால், உதை ஓரிடத்தில் குத்தாமல் உடலெங்கும் பரவிவிடும். தளர்வாகப் பிடித்தால் கட்டை வேகமெடுத்துத் தோளில் மோதும். தோள் கன்றிப்போவது பெரும்பாலும் இதனால்தான். ஒரே தோட்டாவுக்கு எடை குறைந்த துப்பாக்கியே அதிகம் உதைக்கும் என்பதால், இலகுவானதைத் தேடாதீர்கள். பன்னாட்டுப் போட்டிகளில் பயன்படும் 24 கிராம் ஈயக் குண்டுகள் கொண்ட தோட்டாவே தொடக்கத்துக்குப் போதும். காதுக் கவசம் கட்டாயம். உதையைவிட ஓசைக்கு அஞ்சித்தான் பலரும் விசையை இழுக்கும்போது கண்களை மூடிவிடுகிறார்கள்.