அல்சூரில் நின்றுகொண்டு அல்சூரையே செக்-இன் செய்வது எப்படி

பெங்களூரில் மேப்பைத் திறந்து 'விஸ்வேஸ்வரய்யா' என்று தேடிப் பாருங்கள். சென்ட்ரல் காலேஜ் பக்கம் ஒரு மெட்ரோ நிலையம், பையப்பனஹள்ளியில் 2022இல் திறந்த ரயில்வே டெர்மினல், கஸ்தூர்பா ரோட்டில் ஒரு மியூசியம் என்று மூன்றும் வந்து நிற்கும். 'கெம்பேகௌடா' என்று தேடினால் இன்னும் மோசம். மெஜஸ்டிக் பஸ் ஸ்டாண்டும் அந்தப் பெயர்தான், அதன் அடியில் உள்ள மெட்ரோவும் அந்தப் பெயர்தான், ஊருக்கு வெளியே வெகுதூரத்தில் உள்ள விமான நிலையமும் அந்தப் பெயர்தான். "வந்துட்டேன்" என்று செக்-இன் போட்டவர் ஓரிடத்திலும், கூட்டிப்போக வந்த மாமா வேறிடத்திலும் நிற்பது இப்படித்தான்.

முதலில், யாருக்காக இடத்தைச் சொல்கிறோம் என்று பிரித்துக்கொள்ளுங்கள். வீட்டாருக்கு நாம் இப்போது எங்கே இருக்கிறோம் என்று தெரிய வேண்டும். அதற்கு லைவ் லொகேஷன். நண்பர்களுக்கும் நம் ஞாபகத்துக்கும், இந்த இடத்துக்கு வந்தோம் என்று ஆப்பில் பதியும் செக்-இன். நாளைக்கு அங்கே போகப்போகும் முன்பின் தெரியாதவருக்கு ரிவ்யூ. மூன்றையும் ஒரே இன்ஸ்டா ஸ்டோரியில் முடிக்கப் பார்ப்பதில்தான் பாதிச் சிக்கல்.

செக்-இன்: மேப்பில் இடக்குறி (பின்) சரியாக விழ

செக்-இன் பழக்கத்தை ஊர்ப்பழக்கம் ஆக்கியது ஃபோர்ஸ்கொயர். டென்னிஸ் க்ரௌலியும் நவீன் செல்வதுரையும் 2009இல் வெளியிட்ட ஆப். 2014இல் செக்-இன் மட்டும் ஸ்வார்ம் என்ற தனி ஆப்புக்குப் போனது. இடம் தேடும் ஃபோர்ஸ்கொயர் சிட்டி கைடு 2024 டிசம்பரில் மூடப்பட்டுவிட்டது. பழைய கட்டுரைகளைப் படித்துவிட்டு அதைத் தேடாதீர்கள், ஸ்வார்மை இறக்குங்கள். செக்-இன் பொத்தானைத் தொட்டால் பக்கத்தில் உள்ள இடங்களின் பட்டியல் வரும். அதில் ஒன்றைத் தேர்ந்து, வேண்டுமானால் படமும் ஒரு வரியும் சேர்த்துப் போட வேண்டியதுதான். யாருக்கும் தெரியாமல் உங்கள் கணக்கில் மட்டும் பதிய வேண்டுமென்றால் 'ஆஃப் த கிரிட்' தேர்வைப் போட்டுக்கொள்ளுங்கள். மருத்துவமனை, வக்கீல் ஆபீஸ் போன்ற இடங்களுக்கு இதுதான் சரி.

பட்டியலில் முதலில் வருவதைக் கண்ணை மூடிக்கொண்டு தொடக்கூடாது. கப்பன் பார்க், விதான சௌதா, மெஜஸ்டிக் மெட்ரோ நிலையங்கள் தரைக்குக் கீழே இருக்கின்றன. அங்கே சாட்டிலைட் சிக்னல் எட்டாது. போன், வைஃபையையும் டவரையும் வைத்து உத்தேசமாக ஓரிடத்தைக் காட்டும். உயரமான கட்டடங்களுக்கு நடுவிலும் சிக்னல் சுவரில் பட்டுத் திரும்பி, மேப்பில் நம் இடக்குறி அடுத்த தெருவுக்கு நழுவும். மேலே ஏறி, வானம் தெரியும் இடத்தில் அரை நிமிஷம் நில்லுங்கள். மேப்பில் நீலப் புள்ளியைச் சுற்றி வெளிர்நீல வட்டம் தெரிகிறதே, அது சுருங்கச் சுருங்க இடம் துல்லியமாகிறது. வாட்ஸ்அப்பில் லொகேஷன் அனுப்பும்போது எத்தனை மீட்டர் துல்லியம் என்று அடியில் காட்டும். 20க்குக் கீழே வந்தபிறகு அனுப்புங்கள். எத்தனை நேரம் நின்றும் வட்டம் பெரிதாகவே இருந்தால், ஆப்புக்குக் கொடுத்த அனுமதியில் 'பிரிசைஸ் லொகேஷன்' அணைந்திருக்கும். செட்டிங்ஸில் போய்ப் பாருங்கள்.

பின் சரியாக விழுந்தாலும் இடம் தவறலாம். அல்சூர் ஏரியையே எடுத்துக்கொள்வோம். அதன் பரப்பு 100 ஏக்கருக்கு மேல். ஏரியின் பெயரைத் தேர்ந்து அனுப்பினால் பின் தண்ணீருக்குள் விழும். அதை நம்பி வரும் ஆட்டோவை மேப் ஏதாவது ஒரு கரைக்குக் கொண்டுபோகும். அது உங்கள் கரையாக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. 2009இல் திறந்த திருவள்ளுவர் சிலைக்கு வரச்சொல்கிறீர்கள் என்றால் சிலையின் பெயரிலேயே தேடி அந்தப் பின்னை அனுப்புங்கள். கிடைக்காவிட்டால் நீங்கள் நிற்கும் இடத்தை மேப்பில் அழுத்திப் பிடியுங்கள். சிவப்புப் பின் விழும், கீழே ப்ளஸ் கோட் வரும். கூட்டல் குறிக்கு முன்னே நாலு எழுத்து, பின்னே இரண்டு, பக்கத்தில் ஊர்ப்பெயர். ஏறக்குறைய 14 மீட்டர் சதுரத்தை அது சுட்டும், ஒரு வாசலைக் காட்ட அது போதும்.

இன்னொன்று: நாம் அல்சூர் என்போம், போர்டில் ஹலசூரு என்றிருக்கும். ஃப்ரேசர் டவுனுக்குப் புலிகேசி நகர் என்றும் பெயர். தேடிக் கிடைக்கவில்லை என்பதற்காகப் புதிதாக ஓர் இடத்தை உருவாக்கிவிடாதீர்கள். ஒரே கோயிலுக்கு நாலு பின் இருப்பது அதனால்தான். இரண்டு பெயரிலும் தேடிவிட்டுப் பிறகு முடிவு செய்யுங்கள்.

ராத்திரி பஸ்ஸில் லைவ் லொகேஷன்

வாட்ஸ்அப்பில் மூன்றே அளவுகள்தான்: 15 நிமிடம், 1 மணி நேரம், 8 மணி நேரம். ராத்திரி 9 மணிக்கு மதுரை பஸ் ஏறி 8 மணி நேரம் போட்டால், விடிகாலை 5 மணிக்கு அது தானாக நின்றுவிடும். அம்மா எழுந்து போனைப் பார்க்கும் நேரமும் அதுதான். திருநெல்வேலி, நாகர்கோவில் போகிறவர்களுக்கு அது போதவே போதாது. கூகுள் மேப்ஸில் புரொஃபைல் படத்தைத் தொட்டு லொகேஷன் ஷேரிங்கில் போனால் 24 மணி நேரம் வரை வைக்கலாம். 'நிறுத்தும் வரை' என்றும் ஒரு தேர்வு உண்டு. அதைத் தொடாதீர்கள், ஊருக்குப் போய்ச் சேர்ந்ததும் மறந்துவிடுவோம்.

இடையில் நின்றுபோவதற்கு வழக்கமான காரணம் பேட்டரி சேவர். ஆண்ட்ராய்டில் அந்த ஆப்புக்கு மட்டும் பேட்டரிக் கட்டுப்பாட்டை எடுத்துவிடுங்கள். ஐபோனில் லொகேஷன் அனுமதி 'எப்போதும்' என்று இருக்க வேண்டும். சிக்னல் இல்லாத மலைப்பாதையில் புள்ளி அசையாமல் நிற்கலாம். அனுப்பும்போதே வீட்டில் சொல்லிவையுங்கள்: "தொப்பூர் பக்கம் நின்னா பயப்படாதீங்கம்மா, கடைசியா எத்தனை மணிக்கு அப்டேட் ஆச்சுன்னு கீழே இருக்கும், அதைப் பாருங்க."

ரிவ்யூ

"சூப்பர் பிளேஸ், மஸ்ட் விசிட், ஃபேமிலியோட வரலாம்." இதைப் படித்து யாருக்கு என்ன லாபம்? ரிவ்யூ எழுதுவோருக்குக் கூகுள் தரும் லோக்கல் கைடு புள்ளிக்காக எழுதியது என்பது முதல் வரியிலேயே தெரிந்துவிடும். அந்தப் புள்ளியைக் கொண்டு டீ கூடக் குடிக்க முடியாது.

வழி, நேரம், உடம்புக்கு என்ன சிரமம், எதற்குக் காசு. இந்த நாலில் இரண்டு இருந்தாலே நல்ல ரிவ்யூ. லால்பாக்கிற்கு இப்படி எழுதலாம்:

"240 ஏக்கர் தோட்டம், நாலு வாசல். மெட்ரோவில் வந்தால் லால்பாக் நிலையத்தில் இறங்கி மேற்கு வாசல் வழியாக வாருங்கள். ஆட்டோவில் வருபவர்கள் எந்த வாசல் என்று முதலிலேயே சொல்லிவிடவும். கெம்பேகௌடா கோபுரம் பாறை மேல் இருக்கிறது, நிழல் கிடையாது. காலையிலேயே ஏறி இறங்கிவிடுவது நல்லது. குடியரசு தினம், சுதந்திர தினத்தை ஒட்டி மலர்க் கண்காட்சி நடக்கும். பெரியவர்களோடு சாவகாசமாக நடக்க நினைப்பவர்கள் அந்த நாட்களைத் தவிர்க்கவும்."

கட்டணம் எழுதினால் கூடவே மாதமும் வருடமும் எழுதுங்கள். தேதி இல்லாத விலை அடுத்த வருஷம் பொய்யாகிவிடும். தமிழை ஆங்கில எழுத்தில் எழுதாதீர்கள். தமிழ் எழுத்தில் இருந்தால்தான் மேப் அதைக் கன்னடக்காரருக்கும் இந்திக்காரருக்கும் ஓரளவு ஒழுங்காக மொழிபெயர்த்துக் காட்டும். படம் போடுவதாக இருந்தால் நுழைவாயில், கட்டணப் பலகை, படிக்கட்டு இவற்றைப் போடுங்கள். உங்கள் முகம் உங்கள் ஆல்பத்தில் இருக்கட்டும்.

எப்போது போடுவது, எதைப் போடக்கூடாது

ஊருக்கெல்லாம் தெரியும் செக்-இன்னை இடத்தை விட்டுக் கிளம்பிய பிறகு போடுங்கள். குடும்பத்தோடு வெளியூர் போனால் திரும்பி வந்த பிறகு. பூட்டிய வீடு என்று போர்டு மாட்டிவிட்டுப் போவோமா?

விமான நிலையத்தில் போர்டிங் பாஸோடு எடுக்கும் படம் இன்னும் ஆபத்து. அதிலிருக்கும் பார்கோடில் உங்கள் பெயரும் ஆறெழுத்து பிஎன்ஆரும் இருக்கின்றன. அந்த இரண்டையும் வைத்தே பல விமான நிறுவனங்களின் தளங்களில் டிக்கெட்டைத் திறந்துவிடலாம். கட்டை விரலால் எண்ணை மறைத்துவிட்டு பார்கோடை மறைக்காமல் விடுவதுதான் பலர் செய்யும் தவறு. அல்சூர் ஏரிப்பக்கம் மெட்ராஸ் சாப்பர்ஸ் ராணுவ முகாமும் இருக்கிறது. படம் எடுக்கக்கூடாது என்ற பலகை உள்ள பக்கம் கேமராவைத் திருப்பவே வேண்டாம்.

படத்துக்குள்ளேயே அதை எடுத்த இடத்தின் விவரம் ஒளிந்திருப்பதையும் கவனியுங்கள். வாட்ஸ்அப்பில் போட்டோவாக அனுப்பினால் அந்த விவரம் கழன்றுவிடும். தரம் குறையக்கூடாது என்று டாக்குமெண்டாக அனுப்பினால் அப்படியே போகும், எடுத்த இடம் வீடாக இருந்தால் வீட்டு விலாசமும் சேர்ந்து. ஐபோனில் ஷேர் செய்யும்போது மேலே 'ஆப்ஷன்ஸ்' என்று இருக்கும், அதில் லொகேஷனை அணைக்கலாம்.

போய்வந்த இடங்களைப் பதிந்துவைக்கும் கூகுள் டைம்லைனை நாட்குறிப்பாக வைத்திருப்பவர்கள் போன் மாற்றுவதற்கு முன் ஒரு வேலை செய்ய வேண்டும். அந்தப் பதிவு இப்போது போனுக்குள்தான் இருக்கிறது. டைம்லைனைத் திறந்து மேகப் படத்தைத் தொட்டு பேக்கப்பைப் போடுங்கள். தானாக அழிக்கும் கெடு 3 மாதம், 18 மாதம், 36 மாதம் என்று மூன்று விதம்; உங்களுடையது எது என்பதை அப்போதே பார்த்துக்கொள்ளுங்கள். பழைய போனை எக்ஸ்சேஞ்சில் கொடுத்த பிறகு தேடினால் ஒன்றும் இருக்காது.