பிடிபட்ட கப்பலின் வழக்கை எப்படிப் படிப்பது

கொச்சி வில்லிங்டன் தீவில் ஒரு கிளியரிங் ஏஜென்ட் ஆபீஸில் இருபத்திரண்டு வருடமாகச் சரக்குக் காகிதம் பார்க்கிறேன். ராத்திரியில் பாய்மரக் காலத்துக் கப்பல் வழக்குகளைப் படிப்பேன். பகல் வேலைப் பழக்கம்தான் அதற்கும் கைகொடுக்கிறது.

போரில் பிடித்த எதிரிக் கப்பலுக்கும் சரக்குக்கும் 'பிரைஸ்' என்று பெயர். பிடித்தவுடனே சொந்தமாகிவிடாது. துறைமுகத்துக்குக் கொண்டுவந்து, கடல் வழக்குகளைப் பார்க்கும் அட்மிரல்டி நீதிமன்றத்தில் தீர்ப்பு வாங்க வேண்டும்.

வழக்கை எடுத்ததும் தேதியைப் பாருங்கள். 1663 முதல் 1795 வரை கொச்சி டச்சுக்காரர் கையில் இருந்தது. 1780 டிசம்பர் 20 அன்று பிரிட்டன் அவர்கள்மேல் போர் அறிவித்தது. அதுவரை பிரிட்டன், பிரான்ஸ் சண்டையில் நடுநிலையாக இருந்த டச்சுக் கப்பல், அதே மிளகு மூட்டைகளோடு எதிரிக் கப்பலாகிவிட்டது. அந்தச் சேதி இங்கே வந்து சேரவே பல மாதம் ஆகும்.

அப்புறம் காகிதங்கள். கொடியை நம்பாதீர்கள், நொடியில் மாற்றிவிடலாம். பாஸ் (எந்த நாட்டு அனுமதியில் கப்பல் போகிறது என்ற சீட்டு), லாக் புக் (பயணக் குறிப்பேடு), பில் ஆஃப் லேடிங் (ஏற்றிய சரக்குக்கான ரசீது) மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். பில்லில் சரக்கு 'யார் கணக்கில், யார் பொறுப்பில்' போகிறது என்று எழுதியிருக்கும். இன்றைக்கும் பழைய பில் ஒன்றைப் பார்த்தால் என் விரல் முதலில் அந்த வரியில்தான் போய் நிற்கும். கப்பல் வேறு, சரக்கு வேறு என்று பிரித்தே யோசியுங்கள். நடுநிலைக் கப்பலில் எதிரியின் சரக்கு இருந்தால், சரக்கை எடுத்துக்கொண்டு கப்பலை விட்டுவிடுவது பிரிட்டிஷ் நீதிமன்றத்தின் வழக்கம். 1856 பாரிஸ் பிரகடனத்துக்குப் பிறகு, போர்த் தளவாடம் போன்ற தடைச் சரக்கைத் தவிர மற்றதை நடுநிலைக் கொடியே காப்பாற்றியது.

மாலுமிகளின் வாக்குமூலத்தை விட்டுவிடாதீர்கள். எங்கே பிறந்தாய், கப்பல் யாருடையது, ஏதாவது காகிதத்தைக் கடலில் எறிந்தீர்களா என்று ஒரே கேள்விப் பட்டியலை வைத்து ஒவ்வொருவரையும் விசாரிப்பார்கள். பதில்கள் எங்கே முட்டுகின்றன என்று குறித்துக்கொள்ளுங்கள்.

பயிற்சிக்கு எங்கள் கடலிலேயே ஒன்று இருக்கிறது. 1698 ஜனவரியில் கொச்சிக்கு அப்பால், பிரிட்டிஷ் அரசின் அனுமதியோடு வந்த கேப்டன் வில்லியம் கிட் பிடித்த 'கெடா மெர்ச்சன்ட்' என்ற கப்பல். ஒரு தாளில் நான்கு கட்டம் போடுங்கள். கப்பல் போன வழி: வங்காளத்திலிருந்து சூரத். கேப்டன்: ஆங்கிலேயர். சரக்குக்காரர்கள்: ஆர்மீனிய வணிகர்கள். பாஸ்: பிரெஞ்சு. கிட் பிரெஞ்சுக் கொடியை ஏற்றி ஏமாற்றித்தான் அந்தப் பாஸை வெளியே வரவழைத்தார். கடற்கொள்ளையரையும் பிரெஞ்சுக்காரரையும் பிடிக்க மட்டுமே அவருக்கு அனுமதி. ஆகவே அந்தப் பாஸ்தான் அவருக்கு இருந்த ஒரே பிடி. ஆனால் எந்த நீதிமன்றத்துக்கும் போகாமல் சரக்கில் ஒரு பகுதியை வழியிலேயே விற்றுவிட்டார். அது தப்புதான், சரக்கை இழந்த வணிகர்களின் வயிற்றெரிச்சல் சும்மாவா?

ஆனாலும் அடுத்ததைப் படிக்கும்போது எனக்கு மனசு கனத்துவிடும். லண்டன் விசாரணையில் கேட்டும் அந்தப் பாஸ் அவர் கைக்கு வரவில்லை. தன் மாலுமி ஒருவரைக் கொன்ற கொலை, கடற்கொள்ளை இரண்டிலும் குற்றவாளி என்று தீர்ப்பாகி, 1701 மே மாதம் தூக்கிலிட்டார்கள். இருநூறு வருடத்துக்குப் பிறகு அந்தப் பாஸ் லண்டன் அரசு ஆவணங்களுக்குள்ளேயே கிடைத்தது.

இந்த நான்கு கட்டம் பழகியபின் லண்டன் கியூ ஆவணக் காப்பகத்தின் எச்.சி.ஏ. 32 என்ற அட்மிரல்டி நீதிமன்ற ஆவண வரிசைக்குப் போங்கள். பிடிபட்ட கப்பல்களின் காகிதங்கள் அங்கேதான் இருக்கின்றன.