இருவாச்சிக் கூட்டைப் பார்க்கும்போது

வால்பாறைப் பக்கம் கோடையில் பெரிய இருவாச்சிப் பெட்டை மரப்பொந்துக்குள் தன்னை அடைத்துக்கொண்டு அடைகாக்கும். சிறு இடுக்கு வழியாக ஆண் ஊட்டும் அத்திப்பழம் போன்றவைதான் அதற்குச் சாப்பாடு. நீங்கள் மரத்தடியில் நின்றால் ஆண் தொண்டையில் பழத்தோடு தூரக் கிளையிலேயே காத்திருக்கும், உள்ளே பட்டினி.

குறைந்தது 50 மீட்டர் தள்ளி, புதர் மறைவில் நில்லுங்கள். அவ்வளவு தள்ளி நின்றும் ஆண் வந்து ஊட்டாமல் திரும்பினால், அது உங்களால்தான், உடனே விலகுங்கள். பதிவுசெய்த பறவைக் குரலை ஒலிக்கவிடாதீர்கள், ஃபிளாஷ் வேண்டாம். படம் தெளிவாக விழ இலை, கிளையை ஒடிப்பது மிக மோசம்: மறைப்பு போனால் கூடு அம்பலமாகிவிடும்.

போனில் கேமராவின் இருப்பிடப் பதிவை அணைத்துவிட்டே படமெடுங்கள். பின்னணியில் எஸ்டேட் பலகையோ சாலை வளைவோ தெரிந்தாலும் இடம் தெரிந்துவிடும். குஞ்சு பறந்த பிறகும் இடத்தைச் சொல்லாதீர்கள். அந்த ஜோடி அடுத்த ஆண்டும் அதே பொந்துக்கு வரக்கூடும்.