நாள்பட்ட இடுப்பு வலியில் சமநிலையை அளப்பது எப்படி

மூன்று மாதத்துக்கு மேல் இடுப்பு வலியோடு இருப்பவரை ஃபோர்ஸ் பிளேட்டில் (நிற்பவரின் பாதம் தரும் அழுத்தத்தை வைத்து உடல் அசைவை அளக்கும் பலகை) நிறுத்தினால் இப்போது ஒரு எண் வரும், பத்து நிமிடம் கழித்து இன்னொன்று வரும். அடுத்த மாதம் எண் குறைந்திருந்தால் அது சிகிச்சையின் பலனா, நிறுத்திய விதத்தின் விளைவா? இதைப் பிரித்துச் சொல்ல, ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி அளந்திருக்க வேண்டும்.

பிளேட்டில் ஏற்றுவதற்கு முன் என்ன மருந்து எடுக்கிறார் என்று விசாரியுங்கள். பிரிகாபலின், கபாபென்டின், அமிட்ரிப்டிலின் ஆகிய மருந்துகள் எல்லாமே தலைசுற்றல் தரக்கூடியவை. மருந்தை எப்போது சாப்பிட்டார் என்று எழுதிக்கொள்ளுங்கள். சர்க்கரை நோய் இருந்தால் பாதத்தில் உணர்ச்சி இருக்கிறதா என்று சோதியுங்கள். உணர்ச்சி இல்லையென்றால் நீங்கள் அளக்கப்போவது இடுப்பை அல்ல, பாதத்தை. அளப்பதற்கு முன்னும் பின்னும் வலியை 0 முதல் 10 வரை கேட்டுக் குறியுங்கள். மறுமுறை அளக்கும்போதும் அதே நேரம், அதே மூக்குக் கண்ணாடி, வெறுங்கால்.

அதிகம் பிழை நுழைவது பாதம் வைக்கும் இடத்தில்தான். இரு பாதமும் நெருங்கினால் பக்கவாட்டு அசைவு கூடும், அகன்றால் குறையும். பிளேட்டின் மேல் சார்ட் பேப்பரை டேப்பால் ஒட்டி, அவரை வசதியாக நிற்கச் சொல்லி, பாதத்தைச் சுற்றி ஸ்கெட்ச் பேனாவால் வரையுங்கள். பேனா செங்குத்தாக இருக்கட்டும். சாய்ந்தால் கோடு பாதத்துக்கு அடியில் போய்விடும். அந்தத் தாளில் தேதி போட்டு அவருடைய ஃபைலிலேயே வையுங்கள். அடுத்த முறை அதே கோட்டுக்குள் கால்.

சொல்லும் வார்த்தையும் மாறக்கூடாது. "முடிஞ்ச வரைக்கும் அசையாம நில்லுங்க" என்பதும் "சாதாரணமா நில்லுங்க" என்பதும் வேறு வேறு சோதனைகள். ஒன்றைத் தேர்ந்தெடுத்து எழுதி ஒட்டிவையுங்கள். பார்வைக்கு 2 மீட்டர் தள்ளிக் கண் மட்டத்தில் ஒரு புள்ளி. மேலே ஓடும் ஃபேனை நிறுத்துங்கள். கண் மூடி நிற்கும்போது பின்னால் ஒருவர் தொடாமல் நிற்க வேண்டும்.

30 விநாடி போதாது. மெதுவான அசைவுகள் அதற்குள் அடங்குவதில்லை. ஒரு முறைக்கு 90 விநாடி, மூன்று முதல் ஐந்து முறை, சராசரி. நடுவே நாற்காலியில் ஒரு நிமிடம். 90 விநாடி நிற்க முடியாதவருக்கு 60 வைக்கலாம், ஆனால் கடைசி வரை அவருக்கு 60தான். ஏறியதும் பதிவைத் தொடங்காமல், நிலைகொள்ளச் சில விநாடி விடுங்கள்.

எந்த எண்ணை எடுப்பது? அழுத்த மையம் (பாதத்தின் அழுத்தம் முழுவதும் குவியும் புள்ளி) நகரும் சராசரி வேகத்தைப் பரிந்துரைக்கிறோம். அந்தப் புள்ளி அலையும் பரப்பளவை ஒரே ஒரு தும்மல் பெருக்கிவிடும். வேகத்துக்கும் ஒரு பலவீனம் உண்டு: கருவியின் இரைச்சல் பாதையின் நீளத்தைக் கூட்டிக் காட்டும். அதனால் 100 ஹெர்ட்ஸ் பதிவு (விநாடிக்கு 100 முறை), 10 ஹெர்ட்ஸ் ஃபில்டர் (அதைவிட வேகமான இரைச்சலை நீக்குவது) என்று வைத்தால் மாற்றாதீர்கள்.

இனிக் கணக்கு. ஒரே குழுவை இரு நாள் அளந்து ஐ.சி.சி. (இரு அளவீடுகளும் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்பதைக் காட்டும் எண்; 1 என்றால் முழு ஒற்றுமை) 0.84, திட்ட விலக்கம் விநாடிக்கு 2 மி.மீ. என்று வந்ததாக வைத்துக்கொள்வோம். 1இலிருந்து 0.84ஐக் கழித்தால் 0.16, அதன் வர்க்கமூலம் 0.4, அதை 2ஆல் பெருக்க, அளவீட்டுப் பிழை 0.8. இதை 2.77ஆல் (இரு அளவீடுகளுக்கிடையே 95% உறுதிக்கான பெருக்கெண்) பெருக்கினால் 2.2. விநாடிக்கு 2.2 மி.மீ.க்குக் குறைவான மாற்றத்தை முன்னேற்றம் என்று நோயாளியிடம் சொல்லாதீர்கள். அசைவு குறைவதே நல்லது என்றும் எண்ண வேண்டாம். வலிக்குப் பயந்து உடம்பை விறைத்து நிற்பவரும் குறைவாகவே அசைவார்.

பிளேட் இல்லாத இடத்தில் ஒற்றைக் காலில் 30 விநாடி நிற்கவைக்கலாம். இளவயதினர் பலர் எளிதாக 30ஐத் தொட்டுவிடுவதால், அவர்களுக்குக் கண் மூடியபடி. ஒற்றைக் காலில் நின்று மறுகாலை முன்னாலும் பின்னால் இரு பக்கமும் எட்டவைக்கும் ஒய் பேலன்ஸ் சோதனை இன்னும் தகவல் தரும்: நான்கு முதல் ஆறு பயிற்சி, பிறகு மூன்று பதிவு, மூன்று திசையிலும் எட்டிய தூரத்தைக் கால் நீளத்தின் சதவீதமாக எழுதுங்கள். எட்டும் காலில் எடையை ஊன்றினால் அந்த முறை செல்லாது. பின்புறம் எட்டும்போது உடம்பு முன்னால் குனிய வேண்டியிருக்கும். அதனால் சமநிலை நன்றாக இருந்தும் வலியால் பாதியில் நிறுத்துவோர் உண்டு. நின்ற உடனே "ஏன் நிறுத்துனீங்க?" என்று கேட்டு, தடுமாற்றமா, வலியா, பயமா என்பதைத் தூரத்தின் பக்கத்திலேயே எழுதுங்கள்.