காட்டெருமைக் கன்றை வளர்த்தால் மாடாகிவிடுமா?

போன மாதம் ஒரு சாயங்காலம், ஏற்காட்டில் காபித் தோட்டத்து ஓரம் காட்டெருமை ஒன்று நின்றுகொண்டிருந்தது. முதுகில் பெரிய மேடு, முழங்காலுக்குக் கீழே வெள்ளை சாக்ஸ் போட்ட மாதிரி நாலு கால், வாய் மட்டும் அசை போட்டுக்கொண்டே இருக்கிறது. வண்டியை நிறுத்தி வேடிக்கை பார்த்த ஒருவர் சொன்னார், "இதைக் கன்னுக்குட்டியிலேயே புடிச்சுட்டு வந்து வளர்த்தா ஏர் பூட்டலாம் போலிருக்கேங்க."

நிறையப் பேர் செய்கிற தவறு இதுதான். ஒரு மிருகத்தைப் பழக்குவது வேறு, ஒரு இனத்தையே வீட்டு விலங்காக்குவது வேறு. பழக்கம் அந்த ஒரு உயிரோடு முடிந்துவிடும், அதன் குட்டிக்குப் போகாது. வீட்டு விலங்கு என்றால் எந்தக் குட்டியை அடுத்த தலைமுறைக்கு விடுவது என்று மனிதன் பல தலைமுறையாகப் பொறுக்கிப் பொறுக்கி, பிறவியிலேயே சாதுவாக மாறிப்போன இனம். (சரி, காட்டெருமையைப் பிடித்தாலே 1972 வனவிலங்குச் சட்டப்படி உள்ளே போக வேண்டியதுதான், அது தனிக்கதை.)

உடனே "யானை இருக்கே?" என்பார்கள். ஆயிரக்கணக்கான வருஷமாக யானையை வேலைக்கு வைத்திருக்கிறோம், ஆனாலும் அது வீட்டு விலங்கு ஆகவில்லை. 22 மாதம் சுமந்து ஒரு குட்டி, அது வளர்ந்து ஆளாகப் பத்துப் பதினைந்து வருஷம். ஒரு பாகன் தன் ஆயுளில் எத்தனை தலைமுறையைப் பார்த்துப் பொறுக்க முடியும்? அதைவிடக் காட்டில் பிடித்துப் பழக்குவது சுலபம் என்று அப்படியே செய்து வந்தார்கள். நம் மேச்சேரி ஆட்டை இதோடு வைத்துப் பாருங்கள்: கொம்பில்லாத செம்மறி, வேலியோரப் புல்லே போதும், சீக்கிரம் குட்டி போடும், முன்னால் போகிற ஆட்டின் பின்னாலேயே மொத்த மந்தையும் போகும்.

முரடு என்றால் முடியாது என்று முடிவு கட்டுவது அடுத்த தவறு. நம் மாட்டின் மூதாதையான ஆரோக்ஸ் என்ற காட்டு மாடும் பெரிய கொம்போடு திரிந்த முரட்டு மிருகம்தான், அந்த இனத்தின் கடைசி மாடு 1627இல் போலந்தில் செத்தது. அவ்வளவு ஏன், அருணாசலப் பிரதேசத்திலும் நாகாலாந்திலும் வளர்க்கிற மிதுன் என்ற மாடு நம் காட்டெருமை வழி வந்ததுதான் என்பது பொதுவான கருத்து. அதையும் கொட்டகையில் கட்டி வைப்பதில்லை, காட்டில் மேயவிட்டு உப்பைக் காட்டிக் கூப்பிடுகிறார்கள். ஆக, ஏர் பூட்டலாம் என்றவர் முழுக்கத் தப்பாகச் சொல்லவில்லை, பல தலைமுறைக் கணக்கை விட்டுவிட்டார், அவ்வளவுதான்.

வரிக்குதிரை பார்க்கக் குதிரை மாதிரியே இருக்கும். லண்டனில் வால்டர் ராத்சைல்ட் என்ற பணக்காரர் வண்டியில் பூட்டி ஓட்டியும் காட்டினார், ஆனால் அந்தப் பழக்கம் பரவவே இல்லை. வரிக்குதிரை கடித்தால் லேசில் விடாது, வயது ஏற ஏறக் குணமும் கெடும்.

நரிக்கதையை ரொம்ப நம்புவதும் தவறுதான். 1959இல் சைபீரியாவில் பெல்யாயெவ் என்ற மரபியலாளர் வெள்ளி நரிகளில் மனிதனைக் கண்டு சீறாதவற்றை மட்டும் இனப்பெருக்கத்துக்கு விட்டார். சில தலைமுறையிலேயே குட்டிகள் வாலாட்டின, கையை நக்கின. அருமையான வேலை. ஆனால் அவை காட்டிலிருந்து நேராக வந்தவை அல்ல, ஏற்கெனவே ரோமப் பண்ணைகளில் தலைமுறை தலைமுறையாக வளர்ந்தவை. அதைச் சொல்லாமல் "பத்தே தலைமுறையில் காட்டு நரி நாயானது" என்று பரப்புகிறார்கள்.

பூனை இந்தக் கணக்கு எதிலும் அடங்காது. தனியாகத் திரிகிற ஜாதி, தலைவன் கிடையாது. தானியக் குதிரில் எலி இருந்தது, அதுவாக வந்தது.

அப்புறம் ஏற்காட்டுக் கொண்டை ஊசி வளைவுக் குரங்குகள். பயம் விட்டுப்போனதைப் பழகிவிட்டது என்று எடுத்துக்கொள்கிறோம். கார் கண்ணாடியை இறக்கினால் கை உள்ளே வரும், பிஸ்கட் பாக்கெட் காலியென்று தெரிந்ததும் அதே முகம் பல்லைக் காட்டும்.